சத்தமாச் சொல்லுங்க டீச்சர்

வாத்தியார் வேலையில் முதலில் கெட்டுப்போவது தொண்டை. முட்டியும் கண்ணும் அதற்கப்புறம்தான். சாக்பீஸ் தூசியைத் தின்று, 'சத்தம் போடாதே' என்று நாளெல்லாம் சத்தம் போட்டு, சாயங்காலம் வீட்டில் பேச ஆளிருந்தும் குரல் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் என் இனத்தாரே, இதையெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா! ஆனால் என் தொண்டை கெட்டது கத்தியதால் இல்லை. கொஞ்ச காலம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால். நான் பிறந்து, படித்து, டீச்சரானது ரங்கூனில். பிழைப்புக்கு வந்து சேர்ந்தது திருப்பூரில். இரண்டு ஊரிலும் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. அதில் மறக்காமல் இருப்பதில் கொஞ்சம் எழுதுகிறேன்.

பலகை மாறிய நாள்

ரங்கூனில் எங்கள் பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். மழைக்காலத்தில் பாடம் நடத்தினால் முதல் பெஞ்சுக்கு மட்டும்தான் கேட்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், பால்காரர்கள், சின்னக் கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். பட்டாளத்தார் ஆட்சிக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய கடைகளை எடுத்தார்கள். அப்புறம் சின்னக் கடைகளை எடுத்தார்கள். என் வீட்டுக்காரரின் ஜவுளிக்கடை அதில் போனது. பள்ளிக்கூடத்தில் எடுத்துக்கொண்டு போக என்ன இருக்கிறது, நாலு உடைந்த பெஞ்சுதானே என்று நாங்கள் தைரியமாக இருந்தோம்.

ஒரு காலையில் ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். இனிமேல் இது அரசாங்கப் பள்ளிக்கூடம், எல்லாப் பாடமும் பர்மிய மொழியில், தமிழ்ப் பாடம் கிடையாது, வகுப்புக்குள் தமிழில் பேசவும் கூடாது என்றார். சாயங்காலத்துக்குள் எங்கள் பெயர்ப்பலகை இறங்கி, வெறும் நம்பர் எழுதிய பலகை ஏறிவிட்டது. மற்றத் தமிழ் டீச்சர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குப் பர்மிய மொழி நன்றாக வரும் என்பதால் என்னை மட்டும் தையல் டீச்சராக வைத்துக்கொண்டார்கள்.

என் ஒன்றாம் வகுப்புக்கு டோ கின் என்ற பர்மிய அம்மாள் வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கியவர், பரம சாது. அவர் பிள்ளைகளின் வாயைப் பார்ப்பார், பிள்ளைகள் அவர் வாயைப் பார்க்கும். முதல் நாளே ஒரு குழந்தைக்கு வெளியே போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் பாவாடை நனைந்து, அது அழ, அதைப் பார்த்து மற்றதெல்லாம் அழ, ஒரே அமர்க்களம். மத்தியானம் அந்த அம்மாள் தையல் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். பர்மாவில் டீச்சரைச் 'சயாமா' என்பார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சட்டம் என்ன வேணும்னாலும் சொல்லட்டும் சயாமா. 'தண்ணி வேணுமா', 'வயிறு வலிக்குதா', 'வெளியே போகணுமா', இது மூணையும் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு மொதல்ல எனக்குச் சொல்லிக்குடுங்க."

எங்க ஊர்ப் பூ

தையல் வகுப்பில் பெரிய பெண்களுக்குத் தமிழ் எழுத்து ஏற்கெனவே தெரியும். சின்னதுகளுக்குத்தான் ஒன்றும் தெரியாது. வீட்டில் தமிழ் பேசும், ஆனால் தன் பெயரை எழுதத் தெரியாது. இப்படியே விட்டால் இவர்கள் வளர்ந்து அம்மாவுக்கு ஒரு கடுதாசி போடக்கூட முடியாதே என்று எனக்கு ஒரே கவலை. பலகையில் எழுதினால் தப்பு, வாயால் சொன்னால் தப்பு. துணியில் தைத்தால்? சட்டத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. தலையணை உறையில் பென்சிலால் 'அ' போட்டு, அதன் வாலில் ஓர் இலையை ஒட்டவைத்தேன். 'ஆ'வுக்கு ஒரு மொட்டு. 'இ'க்கு ஒன்றும் தேவைப்படவில்லை, அதுவே பூ மாதிரிதான் இருக்கும். பிள்ளைகள் சங்கிலித் தையலில் அதை இழுத்துக்கொண்டே உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிக்கொள்வார்கள். நானும் கதவைப் பார்த்தபடியே, காற்றில் பேசுகிற மாதிரி பேசப் பழகிவிட்டேன்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கல்வி அதிகாரி உள்ளே வந்துவிட்டார். பின்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். நேராகப் பவளம் என்ற சிறுமியிடம் போய் அவள் மடியில் இருந்த உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். 'அ'வில் தொடங்கி 'ஔ' வரைக்கும் வரிசையாகப் பூத்திருந்தது. "இது என்ன பூ?" என்று கேட்டார். பவளம் எழுந்து நின்று, கண்ணை இமைக்காமல், "எங்க ஊர்ப் பூ சார்" என்றாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிப்பாயிடமும் காட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்: "ரொம்ப அழகா இருக்கு. இதைக் கண்காட்சிக்கு அனுப்புங்க, மத்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இந்தப் பூவைப் போட்டுப் பழகட்டும்."

ஜிலேபி எழுத்து

அரசாங்க உத்தரவு, அனுப்பாமல் இருக்க முடியுமா? கண்காட்சியில் தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் அந்தப் பூவைப் படித்துவிட்டார். பாவம், எவ்வளவு நாளைக்கு அப்புறம் பார்த்தாரோ, சந்தோஷத்தில் சத்தமாகவே படித்துவிட்டாராம். என் வேலை போனது. கடையும் போய், வேலையும் போன பிறகு அங்கே என்ன இருக்கிறது? கப்பல் ஏறினோம். என் மாமனார் திருப்பூருக்குப் பக்கத்தில் சேவூரிலிருந்து பர்மாவுக்குப் போனவர். அந்த ஊர்ப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தோம். சேவூர்ச் சொந்தக்காரர்கள் வயிறாரச் சோறு போட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் என் வீட்டுக்காரருக்குப் பேக்கிங் வேலையும் பார்த்துக் கொடுத்தார்கள். எங்களைப் போல் பர்மாவிலிருந்து வந்த இன்னும் சில குடும்பங்கள் அந்தக் கம்பெனிகளைச் சுற்றியே குடியிருந்தன. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வேலை காலி என்று தெரிந்து, சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

தலைமை ஆசிரியரை ஊரே 'பெரிய வாத்தியார்' என்றுதான் கூப்பிடும். வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு குடை. என் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அது முழுக்கப் பர்மிய எழுத்தில் இருந்தது. "ஜிலேபி புழிஞ்சாப்பல இருக்குதுங்க. இதுல நீங்க பாஸா பெயிலான்னு எனக்கெப்படீங்க தெரியும்? வாங்க, ஒரு பாடம் நடத்துங்க, காதுல கேட்டாப் போதும்" என்று வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பலகையில் பெரிதாக 'அம்மா' என்று எழுதினேன். எழுதிவிட்டு, என்னையறியாமல் கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஜீப் எதுவும் இல்லை. பாடத்தைத் தொடங்கினேன். ஒழுங்காகத்தான் நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் முன்னால் சாய்ந்தன, கடைசி பெஞ்சு எழுந்தே நின்றுவிட்டது. பெரிய வாத்தியார் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துப் பார்த்தார். முடியவில்லை. மெல்ல என் பக்கத்தில் வந்து கேட்டார்: "ஏனுங்க டீச்சர், பக்கத்து ஊட்டுல ஆராச்சும் தூங்கறாங்களா? நம்ம பாசைதானுங்களே, சத்தமாச் சொல்லுங்க!"

வீடும் ஊடும்

சொன்னேன். தெருவில் போன மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார் என்று பிறகு சொன்னார்கள். வேலை கிடைத்தது, தற்காலிகமாகத்தான். முதல் வாரம் முழுக்க எனக்கு ஒரு உற்சாகம், யாரைப் பார்த்தாலும் தமிழைத் திருத்த வேண்டும் போல. வள்ளியாத்தா என்ற வாண்டு ஒன்று, "டீச்சர், நா ஊட்டுக்குப் போறேனுங்க" என்றது. அதை நிறுத்தி, "ஊடு இல்லை கண்ணு, வீடு. வீ... டு" என்று உதட்டைப் பல்லில் வைத்துக் காட்டினேன். அதுவும் அழகாக 'வீடு' என்று மூன்று தரம் சொல்லிற்று. சபாஷ் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் "ஊட்டுக்குப் போறேனுங்க" என்றது. நேற்றுத்தானே சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டதற்கு, எனக்கு இது கூடத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டு, பொறுமையாக விளக்கிற்று: "வீடு பொஸ்தகத்துலீங்க டீச்சர். நாங்க குடியிருக்கறது ஊடுங்க."

காசிம் ஏறிய பஸ்

காசிமும் பர்மாவிலிருந்து வந்தவன். அவன் அத்தா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ரங்கூனில் நாலாம் வகுப்பு வரை பர்மிய மொழியில் படித்தவன், பின்னக் கணக்கெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பான். ஆனால் தமிழ் அவன் வாயில்தான் இருந்தது, கையில் இல்லை. எழுத்துத் தெரியாதவன் ஒன்றாம் வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்பது விதி. மீசை அரும்பப்போகிற பையன், முட்டி இரண்டும் பெஞ்சுக்கு மேலே தெரிய, பொடிசுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பான். அவனை இன்னொரு வாத்தியார் என்று நினைத்துக்கொண்டு ஒரு குழந்தை அவனிடம் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று அனுமதி கேட்டது. அன்று சாயங்காலம் அவன் அத்தா வந்துவிட்டார். "பையன் வெக்கத்துல சாப்பிட மாட்டேங்கறான் டீச்சர். அங்கே எழுத்தைப் புடுங்கிட்டாங்க, இங்கே எழுத்து இல்லேன்னு கீழே உக்கார வெக்கறாங்க. கம்பெனியிலயே சேத்துடறேன்" என்றார். பொங்கல் வரைக்கும் விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்.

பள்ளி விட்டதும் அவனைக் கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பொடிசுகள் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால் அவனுக்கு அது பிடித்திருந்தது. அரிசி மண்டி, சைக்கிள் கடை, பாத்திரக் கடை, எல்லா போர்டையும் எழுத்துக்கூட்டிப் படிப்பான். அப்புறம் பஸ் நிலையத்துக்குப் போய் பஸ்களின் நெற்றியைப் படிக்க ஆரம்பித்தான். இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை காலையில் பையனைக் காணோம். அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அத்தா கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு ரயில் தண்டவாளத்தோரமாக ஓடினார். நான் நொய்யல் ஆற்றங்கரையோரம் போனேன். வெட்கத்தில் ஏதாவது செய்துகொண்டுவிட்டானோ, அவன் அத்தா சொன்னபடி கம்பெனிக்கே போயிருந்தால் உயிரோடாவது இருந்திருப்பானே என்று என்னென்னவோ தோன்றியது.

வெயில் தாழும் நேரம், தேடிக் களைத்து எல்லாரும் பஸ் நிலையத்தில் கூடியிருந்தபோது ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் காசிமின் கையைப் பிடித்து இறக்கினார். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "போர்டைப் படிச்சேன் டீச்சர். மடத்துக்குளம்! ஒரு எழுத்துகூட விடலே. அப்படி ஒரு ஊர் நெசமாவே இருக்கான்னு பாக்க ஏறிட்டேன். இருக்கு டீச்சர்! வழியில உடுமலைப்பேட்டையும் இருக்கு!" என்றான். அடிக்க ஓங்கிய கையை அவன் அத்தா அப்படியே இறக்கி, அவனைக் கட்டிக்கொண்டு தேம்பினார். கம்பெனியில் சேர்ப்பது பற்றி அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை. எல்லாரும் அழுது முடிக்கும் வரை பொறுமையாக நின்றிருந்த கண்டக்டர் என் பக்கம் திரும்பினார்: "ஏனுங்க டீச்சர், போர்டு படிக்கச் சொல்லிக்குடுத்தது செரீங்க. ஏறினா டிக்கெட் வாங்கோணும்னு ஒரு பாடம் இருக்குதுங்களே, அது எப்பங்க நடத்துவீங்க?"

கொடிக்கம்பத்தடி

இந்தி வேண்டாம் என்று ஊர் கொதித்து அடங்கியிருந்த சமயம் அது. எங்கள் டிரில் மாஸ்டருக்குத் தமிழ்ப் பற்று கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கெட்ட மனிதர் இல்லை; விசில்தான் பெரிது. ஒருநாள் காலைப் பிரார்த்தனையில், பள்ளிக்கூடத்துக்குள் தமிழ் தவிர வேறு எதைப் பேசினாலும் கொடிக்கம்பத்தடியில் வெயிலில் நிற்க வேண்டும் என்று அறிவித்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை.

மரகதமும் அவள் தம்பி செல்வமும் பர்மாவிலிருந்து வந்தவர்கள். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. மரகதம் மூன்றாம் வகுப்பு, தம்பி என் வகுப்பு. இடைவேளையில் ஓடும்போது செல்வம் விழுந்து முழங்கால் தேய்ந்துவிட்டது. "அமா!" என்று அலறினான். பர்மிய மொழியில் அப்படியென்றால் அக்கா. மரகதம் ஓடிவந்து ரத்தத்தைத் துடைத்து, அவர்கள் பாஷையில் என்னவோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள். விசில் ஊதிவிட்டது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அக்காவும் தம்பியும் கொடிக்கம்பத்தடியில் நின்றார்கள். தம்பியின் தலையில் வெயில் படாமல் அவள் தன் இரண்டு கையையும் குடையாகப் பிடித்திருந்தாள். ரங்கூனிலும் இதே மாதிரி நின்ற பிள்ளைகளை ஜன்னல் வழியாகப் பார்த்தவள் நான். அங்கே வாசலில் துப்பாக்கி இருந்தது. இங்கே விசில் மட்டும்தான். ஆனாலும் தற்காலிக வேலை, வீட்டுக்காரர் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே சரியாக இருக்கும், இதில் வம்பு எதற்கு என்று கால் தயங்கத்தான் செய்தது. தயங்கிக்கொண்டே போய் மரகதத்தின் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

டிரில் மாஸ்டர் பதறிக்கொண்டு வந்தார். "டீச்சர், நீங்க எதுக்குங்க நிக்கறீங்க?" என்றார். "காலையில இந்தப் பையன் அழுதப்போ நானும் பர்மா பாஷையிலதான் சமாதானம் சொன்னேன் சார். சட்டம் எல்லாருக்கும்தானே?" என்றேன். அவர் விசிலை எடுத்து வாயில் வைத்தார். அதற்குள் ஐந்தாம் வகுப்பிலிருந்து நாகராஜ் என்ற நெசவுக்காரர் வீட்டுப் பையன் வந்து, "சார், நா எங்கக்காகிட்ட கன்னடத்துல பென்சில் கேட்டனுங்க" என்று சொல்லிவிட்டு எங்கள் வரிசையில் நின்றான். அவன் பின்னால் தெலுங்கு பேசும் பிள்ளைகள் வந்தார்கள். அடுத்தது கணக்குப் பாடம் என்பதால் ஒரு பாஷையும் கூடுதலாகத் தெரியாத சிலரும் வந்து நின்றார்கள். எங்கள் வள்ளியாத்தா டிரில் மாஸ்டரை அண்ணாந்து பார்த்து, "சார், நீங்களுந்தான் சந்தையில உங்கம்மாகிட்டத் தெலுங்கு பேசுனீங்க" என்றாள். விசில் அவர் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது.

பெரிய வாத்தியார் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதிப் பள்ளிக்கூடம் வெயிலில் நிற்பதைப் பார்த்தார். என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். என் வேலை போயிற்று, இந்தத் தடவை எந்த ஊருக்குக் கப்பல் ஏறுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் குடையைச் செல்வத்தின் கையில் கொடுத்துவிட்டு, டிரில் மாஸ்டரின் தோளில் கை வைத்துச் சொன்னார்: "என்னையும் நிக்க வெச்சுப்போடுங்க மாஸ்டர். எங்க ஊட்டுலயும் கன்னடமுங்க. இன்னிக்குக் காத்தால என்ற சம்சாரம் என்னையத் திட்டுனதுகூடக் கன்னடத்துலதானுங்க."

கடைசி பெஞ்சு மாணவர்

அன்றோடு அந்தச் சட்டம் போனது. டிரில் மாஸ்டர் செல்வத்தின் முழங்காலுக்குத் தானே மருந்து போட்டுவிட்டார். பிள்ளைகள் இருவரும் மளமளவென்று தமிழ் பழகினார்கள். அதில்தான் வேறொரு தொல்லை வந்தது. அவர்களின் அம்மா மா தெய்ன் பனியன் கம்பெனியில் டேமேஜ் மேஜையில், ஓட்டையும் கறையும் உள்ள பனியனைப் பார்த்து ஒதுக்கும் வேலை செய்தவர். ஒரு லீவு நாளில் என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றார். "பொண்ணு தமிழ் நல்லாப் பேசுது, சந்தோசம். ஆனா என்கிட்டப் பேச வெக்கம். நான் பர்மா பேசினா, தலையை மட்டும் ஆட்டுது. என் அம்மா இன்னும் அங்கே இருக்கு. ஒருநாள் பாத்தா, இவங்க எப்படிப் பேசும்? நீங்க சொல்லிக்குடுங்க சயாமா" என்றார். எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

மறுத்தது என் வீட்டுக்காரர். அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "அந்த எழுத்தைப் பார்த்தாலே என் கடைக்கதவுல வெச்ச சீல்தான் ஞாபகம் வருது. உன் வாயைக் கட்டிப்போட்ட பாஷையை நீயே கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொல்லிக்குடுப்பியா?" என்றார். "சீல் வெச்சது மா தெய்ன் இல்லையே. அவங்களும் பெத்த அம்மாவை விட்டுட்டுத்தானே வந்திருக்காங்க" என்றேன். கைகழுவப் போனவர் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பறை வேண்டும் என்று கேட்கப் போனபோது, பெரிய வாத்தியாரிடம் சொல்வதற்குக் காரணங்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு காரணமும் கேட்கவில்லை, சாவியை எடுத்துக் கொடுத்தார். முதல் ஞாயிறு, மரகதமும் செல்வமும் முன் பெஞ்சில். மா தெய்ன் அவர்களுக்குப் பக்கத்தில் மாணவி மாதிரி கைகட்டிக்கொண்டு. பழக்கதோஷம், கதவை நன்றாகச் சாத்தித் தாழ் போட்டுவிட்டேன். பலகையில் அந்த வட்ட வட்டமான எழுத்துகளை எழுதினேன். செல்வம் படிக்க, மரகதம் அவனைத் திருத்த, மா தெய்ன் இருவரையும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ள, வகுப்பு ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கதவைத் தட்டும் சத்தம். என்னையறியாமல் பலகையைக் கையால் அழித்தேன். போய்த் திறந்தால், குடையோடு பெரிய வாத்தியார். அவர் குடையால் ஜன்னல் பக்கம் காட்டினார்: "ஏனுங்க டீச்சர், உங்க ஊட்டுக்காரரு அப்பயிருந்து ஜன்னலுக்கு வெளிய நின்னு, நீங்க சொல்லச் சொல்ல வாயசைச்சுட்டு இருக்கறாருங்க, கதவைத் தொறந்து வெச்சு அவரையும் கடைசி பெஞ்சுல உக்கார வைங்க, பாவம்!"

ஆக, சொல்லிக்கொடுக்காதே என்று ஓர் அரசாங்கம் சொன்ன பாஷையையும், சொல்லிக்கொடு என்று இங்கே எந்த அரசாங்கமும் சொல்லாத பாஷையையும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றுவிட்டேன். இரண்டிலும் என் மாணவர்கள் என்னைப் பற்றி ஒருமனதாகச் சொன்ன புகார் ஒன்றுதான், வீட்டுப்பாடம் ஜாஸ்தி.